கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தது நான்தான்

41 வயது வாசகி ஒருவர் ஒன்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊரையும் நிறுவனத்தையும் நீக்கி, ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் ஒரே தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார்கள். இவர் கணக்குப் பிரிவில். கணவர் 14 வருடமாக சூபர்வைசர். போன வருடம் மேனேஜர் இடம் காலியானபோது, அது தனக்குத்தான் என்று கணவர் நம்பிக்கொண்டிருந்தார். முதலாளியோ வெளியூரிலிருந்து ஓர் இளைஞரைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். முதலாளியும் அவர் மனைவியும் பெண் வீட்டை எதிர்த்துக் காதல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்த மனைவியை நம் வாசகி ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஆயுத பூஜை அன்று வாசகி தன் போனில் நிறையப் படம் எடுத்தார். அதில் ஒன்றில் அக்கா மேனேஜரிடம் சுண்டல் பொட்டலத்தை நீட்டுகிறார்; இருவரும் எதற்கோ சிரிக்கிறார்கள்; சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். அந்தப் படத்தை அனுப்பச் சொல்லிக் கணவர் ஒரு வாரம் நச்சரித்தார். எதற்கு என்று கேட்டால் “சும்மாதான்.” அனுப்பிவிட்டார். சில நாளில், சுற்றி நின்ற நாலு பேரும் வெட்டப்பட்டு, இருவர் மட்டும் இருக்கும் படமாக அது முதலாளியின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா ஆபீசுக்கு வருவது நின்றது. முன்பு தொடாத முதலாளி இப்போது தினமும் குடிக்கிறார். கோயிலில் பார்த்தபோது அக்காவின் மணிக்கட்டில் கட்டு. வளையல் உடைந்து கீறிவிட்டதாம். “இப்படி ஒரு படத்தை யாரு எடுத்திருப்பா, உனக்குத் தெரியுமா?” என்று அவர் கேட்க, வாசகி சொன்னது: “தெரியலையே அக்கா.”

வாசகியின் மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். துறை விழாவில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்திலிருந்து சில காட்சிகளைப் போடுகிறார்கள்; அவளுக்கு எமிலியா வேடம். ராத்திரி அம்மா தோசை வார்க்க, மகள் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறாள். புத்தகத்தை அம்மாவிடம் நீட்டி, “நீ டெஸ்டிமோனா வரியைப் படி, நான் பதில் சொல்றேன்” என்கிறாள். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்: கைக்குட்டையை எங்கே தொலைத்திருப்பேன், எமிலியா? மகள் சட்டென்று சொல்கிறாள்: எனக்குத் தெரியாது, அம்மணி. “தோசை கருகிப்போச்சு டாக்டர். நான் திருப்பிப் போடவே இல்லை” என்று எழுதியிருக்கிறார் வாசகி.

அவர் கேட்பவை நான்கு. இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டா? படித்த மனிதரான முதலாளி ஒரு போட்டோவை எப்படி நம்பினார்? ‘ஒதெல்லோ நோய்’ என்று ஒன்று இருப்பதாக மகள் சொல்கிறாளே, அது அவருக்கு இருக்குமா? அக்காவிடம் நான் உண்மையைச் சொன்னால் என் குடும்பம் என்ன ஆகும்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அலமாரியில் கிடந்த நாடகப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். கதை தெரியாத மற்ற வாசகர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஒதெல்லோ வெனிஸ் நாட்டுப் படைத்தளபதி, மூர் இனத்தவர், கறுப்பர். செனட்டர் ஒருவரின் மகளான டெஸ்டிமோனா அப்பாவுக்குத் தெரியாமல் அவரைக் கட்டிக்கொள்கிறாள். துருக்கியர் படையெடுத்து வருவதாகச் செய்தி வர, எல்லோரும் சைப்ரஸ் தீவுக்குப் போகிறார்கள். துணைத்தளபதி பதவி காசியோவுக்குப் போய்விட்டது. அதற்குக் காத்திருந்த இயாகோ கறுவிக்கொண்டிருக்கிறான். டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று ஒதெல்லோவை நம்பவைக்கிறான். அத்தாட்சி ஒரு கைக்குட்டை. அதை அவனிடம் கொடுத்தவள் அவன் மனைவி எமிலியா. ஒதெல்லோ மனைவியைப் படுக்கையிலேயே கொல்கிறான். உண்மை தெரிந்ததும் தன்னையும் குத்திக்கொள்கிறான். 1604 நவம்பர் 1 அன்று லண்டன் வைட்ஹால் அரண்மனையில், முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அவையில் இதை நடித்ததாகக் கணக்குப் பதிவு உண்டு. அங்கிருந்து கிளம்பியது உங்கள் அடுப்படி வரை வந்துவிட்டது.

உங்கள் வீட்டுக் கதை இதோடு ஒட்டிப்போவதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. அதனாலேயே ஓர் எச்சரிக்கை. நாடகத்தை வைத்து உங்கள் குடும்பத்துக்கு ஜாதகம் கணிக்காதீர்கள். இயாகோவை நமக்குத் தெரியும், ஏனென்றால் அவன் தனியாக நின்று தன் மனசைப் பார்வையாளர்களிடம் கொட்டிவிடுகிறான். ஒதெல்லோவைவிட அவனுக்குத்தான் வசனம் அதிகம். உங்கள் கணவர் உங்களிடம் சொன்னது “சும்மாதான்” என்ற ஒரே வார்த்தை. அந்தப் படத்தை வெட்டியது அவரே என்று நீங்கள் நம்புகிறீர்கள். அநேகமாக அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் கையிலிருந்து வேறு யாருக்காவது போயிருக்கலாம் என்ற சின்ன இடைவெளி இருக்கிறது. உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததையும் நீங்கள் ஊகிப்பதையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது உதவும்.

எமிலியாவின் பங்கு

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி. ஒதெல்லோ தலை வலிக்கிறது என்கிறான். டெஸ்டிமோனா தன் கைக்குட்டையை நெற்றியில் கட்டப் பார்க்கிறாள். “இது சின்னது” என்று அவன் விலக்க, அது கீழே விழுகிறது. இருவரும் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். ஸ்ட்ராபெரிப் பழம் பின்னிய கைக்குட்டை, அவன் அவளுக்குக் கொடுத்த முதல் பரிசு. எமிலியா குனிந்து எடுக்கிறாள். இதைத் திருடித் தரச் சொல்லிப் புருஷன் நூறு தடவை கெஞ்சியிருக்கிறான் என்கிறாள். அப்போதுகூட அவள் நினைப்பது, இந்தப் பின்னலைப் பார்த்து இன்னொன்று பின்னவைத்து அதை அவனுக்குக் கொடுக்கலாம் என்பதுதான். அதற்குள் இயாகோ வந்து பிடுங்கிக்கொள்கிறான். முக்கியமான காரியத்துக்கு இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடு, காணோமென்றால் அம்மணிக்குப் பைத்தியமே பிடித்துவிடும் என்று கேட்கிறாள். உனக்கு ஒன்றும் தெரியாததுபோல இரு, போ என்கிறான். போய்விடுகிறாள்.

நீங்கள் படத்தை அனுப்பியது இந்த இடம். கட்டின புருஷன் கேட்ட ஒரு படத்தை அனுப்பியதற்கு உங்களைப் பாவி என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்த காட்சியில்தான் விஷயம் இருக்கிறது. “எனக்குத் தெரியாது, அம்மணி” என்று அவள் சொன்ன கொஞ்ச நேரத்தில் ஒதெல்லோ வருகிறான். கைக்குட்டை எங்கே, கைக்குட்டை, கைக்குட்டை என்று அந்த ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிக் கத்துகிறான். டெஸ்டிமோனா பயத்தில், அது தொலையவில்லை என்று ஒரு சின்னப் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறாள். எமிலியா அதே மேடையில் நிற்கிறாள். வாய் திறந்து ஒரு வரி சொன்னால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும். சொல்லவில்லை. அவன் போன பிறகு, இவருக்குச் சந்தேகப்புத்தி இல்லையா என்று மட்டும் கேட்கிறாள். பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணம் தப்பிவிடும்; எல்லோர் கண்ணும் கத்துகிறவன் மேல் இருக்கும். மகளிடம் சொல்லுங்கள், எமிலியாவாக நடிப்பது என்றால் இந்தச் சும்மா நிற்பதை நடிப்பதுதான்.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது சிந்தியோ என்ற இத்தாலியர் 1565-ல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து. அதில் கைக்குட்டையைத் திருடுபவன் வில்லனேதான். தன் மூன்று வயதுக் குழந்தையை டெஸ்டிமோனா வாங்கிக் கொஞ்சும் நேரத்தில் இடுப்பிலிருந்து உருவிவிடுகிறான். அவன் மனைவிக்கு எல்லாமே தெரியும். புருஷனுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், உயிர் பிழைக்கிறாள், எல்லாம் முடிந்த பிறகு ஊருக்குச் சொல்கிறாள். ஷேக்ஸ்பியர் அவளை மாற்றினார். முழுதும் தெரிந்தவளை அரைகுறையாகத் தெரிந்தவளாக்கி, கைக்குட்டையையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். என் அறைக்கு வருகிறவர்களில் முழுதும் தெரிந்து மறைத்தவர்கள் குறைவு. அரைகுறையாகத் தெரிந்து, மீதியைத் தெரிந்துகொள்ளாமல் தள்ளிப்போட்டவர்கள்தான் அதிகம். கடைசிக் காட்சியில் எமிலியா அலறுகிறாள்: அப்போதே நினைத்தேன்! உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், “அப்பவே மனசுக்குள்ள உறுத்துச்சு” என்று இருக்கிறது.

ஆகவே படத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை; “தெரியலையே அக்கா”வுக்குப் பொறுப்பு உண்டு. நாடகத்தில் சைப்ரஸ் கரையில் இறங்கியதிலிருந்து கொலை வரைக்கும் ஒன்றரை நாள்தான். எமிலியாவுக்கு யோசிக்க நேரமே இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

பொய்யைக் கேட்டு வாங்குவது

முதலாளி முட்டாளா என்று கேட்கிறீர்கள். ஒதெல்லோவை முட்டாள் என்பது வகுப்பறையில் சுலபமாகக் கிடைக்கும் தீர்ப்பு. இயாகோ வேலை செய்கிற விதத்தைக் கவனித்தால் அப்படிச் சொல்லமாட்டோம். காசியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு நகர்வதைத் தூரத்திலிருந்து பார்த்து, “ம்ஹும், இது எனக்குப் பிடிக்கவில்லை” என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்கிறான். என்ன என்று ஒதெல்லோ கேட்டால், ஒன்றுமில்லை ஐயா. நீங்கள் பெண் கேட்ட காலத்தில் காசியோவுக்கு விஷயம் தெரியுமா? தெரியும், ஏன் கேட்கிறாய்? சும்மாதான். (பாருங்கள், அவனும் ‘சும்மாதான்’.) ஒதெல்லோ சொல்லும் கடைசி வார்த்தையையே எதிரொலிபோலத் திருப்பிச் சொல்கிறான். மனசில் என்ன வைத்திருக்கிறாய், சொல்லித் தொலை என்று ஒதெல்லோ கெஞ்ச ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறக்கிறான். அதுவும் எப்படி? சந்தேகம் பொல்லாதது ஐயா, பச்சைக்கண் பூதம், ஜாக்கிரதை என்று! தானாகத் தேடி வந்து கோள் சொல்கிறவனை நாம் நம்புவதில்லை. தயங்கித் தயங்கி, நாமே வற்புறுத்திப் பிடுங்கிய ரகசியத்தை நம்புகிறோம். அது நம்முடைய கண்டுபிடிப்பு ஆகிவிடுகிறது.

இன்னொன்று, அவன் ஆரம்பத்தில் பயன்படுத்துவது உண்மைகளை. காசியோ நகர்ந்தது உண்மை. டெஸ்டிமோனா அப்பாவிடம் மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டதும் உண்மை. “அப்பனை ஏமாற்றியவள், உன்னையும் ஏமாற்றலாம்” என்று அந்த அப்பா முதல் அங்கத்தில் எறிந்துவிட்டுப் போன கல்லைத்தான் மூன்றாம் அங்கத்தில் இவன் பொறுக்கி எடுத்து வீசுகிறான். காதல் கல்யாணம் செய்தவர்களின் வீட்டில் இந்தக் கல் எப்போதும் கிடக்கும். உங்கள் முதலாளி வீட்டிலும் கிடந்திருக்கும். உங்கள் படமும் உண்மைதான். சுண்டல் கொடுத்தது உண்மை, சிரித்தது உண்மை. வெட்டப்பட்டது அந்த நாலு பேர்.

கண்ணால் பார்க்க அத்தாட்சி கொண்டு வா என்று ஒதெல்லோ இயாகோவின் கழுத்தைப் பிடிக்கிறான். நியாயமான கோரிக்கைபோலத் தெரியும். அவன் கேட்டிருக்க வேண்டியது வேறு: எப்போது? காசியோ ஒரு கப்பலில் வந்தான். டெஸ்டிமோனா வந்தது இயாகோவின் பொறுப்பில் இன்னொரு கப்பலில். தீவில் இறங்கிய முதல் ராத்திரி அவள் புருஷனோடு இருந்தாள். கள்ளத்தொடர்புக்கு நாள் எங்கே இருக்கிறது? நாள் கணக்கு, ஆள் கணக்கு எதையும் அவன் பார்க்கவில்லை. டெஸ்டிமோனாவிடம் நேருக்கு நேர் குற்றத்தைச் சொல்லி, காசியோவின் பெயரோடு கேட்பது கடைசி ராத்திரிதான், தீர்ப்பை எழுதி முடித்த பிறகு. மதுரையில் பாண்டியன் செய்ததும் இதுதான். பொற்கொல்லன் சொன்னான், சிலம்பு கையில் இருந்தது, கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணகி அவனைத் ‘தேரா மன்னா’ என்று விளித்தாள். தேராதவன் என்றால் விசாரிக்காதவன்.

“தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்” என்ற குறளுக்கு ஒதெல்லோவைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை. ஆராயாமல் ஒருவனை நம்புவது, நம்பிக்கைக்கு உரியவரைச் சந்தேகிப்பது. இரண்டையும் ஒரே நாளில் செய்தவன் அவன். இது குடும்ப வாழ்க்கைக்கு எழுதிய குறள்கூட இல்லை. வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிய அதிகாரத்தில் வருவது. ஒதெல்லோவின் வினையும் ஒரு பதவி நியமனத்தில்தானே தொடங்குகிறது!

‘ஒதெல்லோ நோய்’

உங்கள் மகள் சொன்னது சரி. டாட், டியூஹர்ஸ்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1955-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரை வைத்தார்கள். துணையின் நடத்தை பற்றி ஆதாரமே இல்லாமல், எந்த விளக்கத்துக்கும் அசையாத நம்பிக்கை வேரூன்றிவிடும் நிலை அது. நெடுநாள் குடி, மனச்சிதைவு, முதுமை மறதி, பக்கவாதம், பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகள் என்று காரணங்கள் பல. வேடிக்கை என்னவென்றால், ஒதெல்லோவுக்கே ஒதெல்லோ நோய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவனுக்கு அந்த எண்ணம் தானாக முளைக்கவில்லை, ஒருவன் உட்கார்ந்து விதைத்தான். பொய் உடைந்த நிமிஷமே அவன் தெளிந்துவிடுகிறான். நோய் அப்படித் தெளியாது.

நான் பார்க்காத ஒருவருக்கு இங்கிருந்து நோய்ப் பெயர் சூட்டமாட்டேன். ஆனால் புதிதாகத் தொடங்கிய தினக்குடியும் சந்தேகமும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு மனநல மருத்துவர் அவரைப் பார்க்க வேண்டும். நோயாகவே இருந்தாலும் கை நீட்டியதற்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது.

“அவருக்கு அக்கா மேல உயிர், அதான் இப்படி” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அளவு தெரியாமல் நேசித்தவன் என்பது ஒதெல்லோ சாகும் முன் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நற்சான்றிதழ். பிணம் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறது. மூன்றாம் அங்கத்தில் எமிலியா சொல்வது அதைவிட நம்பகமானது: சந்தேகக்காரர்கள் காரணம் இருந்து சந்தேகப்படுவதில்லை, சந்தேகக்காரர்களாக இருப்பதால் சந்தேகப்படுகிறார்கள்; அது தன்னைத் தானே பெற்றுக்கொள்ளும் பூதம்.

அக்கா அழுதாலோ பதறினாலோ முதலாளி அதையும் குற்றக் கணக்கில் சேர்ப்பார், தெரிந்துகொள்ளுங்கள். காசியோவைத் தீர்த்துக்கட்டியாகிவிட்டது என்ற பொருள்பட ஒதெல்லோ சொன்னதும், ஐயோ அவனும் போனான், நானும் தொலைந்தேன் என்று டெஸ்டிமோனா அழுகிறாள். என் எதிரிலேயே அவனுக்காக அழுகிறாயா என்று இவன் பாய்கிறான். நிரபராதியின் பயத்தைக் குற்றவாளியின் பயமாகப் படிப்பதற்கு உளவியலாளர் பால் எக்மன் 1985-ல் எழுதிய நூலில் ‘ஒதெல்லோ பிழை’ என்றே பெயர் வைத்தார். காவல் விசாரணை அறைகளிலும் நடக்கிற பிழைதான்.

உங்கள் கணவர்

தமிழில் ‘பொறாமை’ என்ற ஒரே சொல்லைப் போட்டு இரண்டு தனிக் குணங்களை மூடிவிடுகிறோம். ஒதெல்லோவுக்கு இருந்தது சந்தேகம். இயாகோவுக்கு வயிற்றெரிச்சல். ஒருவனுடைய வயிற்றெரிச்சல் இன்னொருவனுடைய சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. இதில் இயாகோவுக்கும் சந்தேகம் உண்டு: ஒதெல்லோவுக்கும் எமிலியாவுக்கும் ஏதோ இருந்தது என்று எவனோ சொன்னதைக் கேட்டு வைத்திருக்கிறான். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: “அவர் என் போனையும் பார்ப்பார், அது பரவாயில்லை.” பரவாயில்லையா? இந்த ஒன்பது பக்கத்தில் உங்களைப் பற்றி நீங்கள் எழுதியது அந்த ஒரு வரிதான். அதை நான் தாண்டிப் போகமாட்டேன். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

14 வருடம் உழைத்தவருக்குப் பதவி கிடைக்காத வலி நிஜம். அவர் ஏன் இப்படிச் செய்தார் என்று தோண்டிக்கொண்டிருக்காதீர்கள். இயாகோவின் காரணத்தைத் தேடித் தேடி விமர்சகர்கள் ஓய்ந்துபோனார்கள். அவனே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்கிறான், பிடிபட்டதும் இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாயைப் பூட்டிக்கொள்கிறான். காரணம் தெரிந்தால்தான் அக்காவிடம் பேசுவேன் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

சொல்லும் முறை

எமிலியா கடைசியில் சொன்னாள். பிரமாதமாகச் சொன்னாள். புருஷன் வாயை மூடு, வீட்டுக்குப் போ என்றபோது, அவனுக்குக் கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது இல்லை என்றாள். அவள் சொன்ன இடம்தான் தவறு. வாள் வைத்திருக்கும் புருஷன் எதிரில், கொலை நடந்த அறையில் சொன்னாள். வெனிஸ் பெரிய மனிதர் ஒருவர், பெண் மேல் வாளா என்று கேட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இயாகோ அவளைக் குத்திவிட்டு ஓடினான். நாலு பெரியவர்கள் கூட இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுதான் என் பதில்.

முதலில் அக்காவிடம், தனியாக, நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், அவர் போன் இப்போது அவர் கையில் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள், உங்கள் போனும் அப்படித்தான். உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: படம் எடுத்தது நான், இன்னாருக்கு அனுப்பினேன், நீங்கள் கேட்டபோது பயத்தில் பொய் சொன்னேன். யார் வெட்டினார்கள், ஏன் என்பதெல்லாம் உங்கள் ஊகம். கேட்டால் ஊகம் என்றே சொல்லுங்கள். முழுப் படத்தை அவரிடம் காட்டுங்கள். அதை எப்போது, யார் கையால் முதலாளிக்குக் காட்டுவது என்பதை அக்கா முடிவு செய்யட்டும். படத்தைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்குறுதியை மட்டும் கொடுக்காதீர்கள். பொய்யை நம்பியவராக இருந்தால் அது போதும். நோயாக இருந்தால் நூறு படம் காட்டினாலும் போதாது.

அக்கா உங்கள் மேல் கோபப்படலாம், பேசுவதை நிறுத்திவிடலாம். அது அவர் உரிமை. மன்னிப்பு கிடைத்தால்தான் ஆச்சு என்று அங்கேயே உட்கார்ந்து அழுது, அவரை உங்களைத் தேற்றவைக்காதீர்கள்.

கணவரிடம் பிறகு பேசுங்கள். ராத்திரியில், தனியாக வேண்டாம். அதற்கு முன்னால் உங்கள் அண்ணனிடமோ நம்பிக்கையான வேறொருவரிடமோ விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இரண்டு பேர் வேலையும் போகக்கூடும். இதை நான் லேசாகச் சொல்லவில்லை; மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சில மாதத்துக்காவது வழி செய்துகொண்டு பேசுவது புத்திசாலித்தனம். ஆனால் அக்காவிடம் சொல்வதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். மணிக்கட்டில் கட்டு போட்டிருப்பவர் அவர்.

சட்டத்தில் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருக்கும் யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு எதுவும் வராது என்று நான்காம் பிரிவு சொல்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அந்தப் பாதுகாப்பு அலுவலர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அக்காவும் கூப்பிடலாம், நீங்களும் கூப்பிடலாம். கணவர் சந்தேகப்பட்டார் என்பதற்காக அக்காவை வீட்டை விட்டு வெளியேற்றிவிட முடியாது. குடியிருக்கும் உரிமையை அதே சட்டம் தருகிறது. படத்தை வெட்டி அனுப்பியது அவதூறு வழக்கு வரை போகலாமா, அதில் உங்கள் நிலை என்ன என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று பலகை இருக்கும்.

அந்தப் படத்தை அழித்துவிடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சுற்றி நின்ற அந்த நாலு பேரும் இன்னும் இருப்பது உங்கள் போனில் மட்டும்தான். இன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து, வீட்டுக்கு வெளியே யாரிடமாவது கொடுத்து வைத்துவிட்டு, அக்காவைப் பார்க்கக் கிளம்புங்கள்.